அடிபட்டது வேலையிடத்திலா? முதலில் அதைச் சொல்லுங்கள்

வலக்கையைத் துணியால் சுற்றிக்கொண்டு இளைஞர் ஒருவர் எமது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். உடன் இருவர் வருகின்றனர். "எப்படி அடிபட்டது?" என்று பணியிலிருக்கும் மருத்துவர் கேட்கிறார். இளைஞர் வாய் திறப்பதற்குள் உடன் வந்தவர் விடை சொல்கிறார்: "வீட்ல படியில வழுக்கி விழுந்துட்டாருங்க." துணியைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு உருளைகளுக்கிடையே சிக்கி நசுங்கிய விரல்கள். எந்தப் படிக்கட்டும் ஒரு கையை அவ்வாறு நசுக்குவதில்லை.

இது குறிப்பிட்ட ஒருவருடைய கதையன்று. சிறு சிறு மாற்றங்களுடன் நாங்கள் மீண்டும் மீண்டும் காணும் காட்சி. சொல்பவர் பெரும்பாலும் தீய எண்ணத்துடன் சொல்வதில்லை. "வேலையிடத்தில் அடிபட்டது என்றால் போலீஸ் வழக்காகிவிடும், காப்பீட்டில் பணம் வராது, வேலையும் போய்விடும்" என்ற அச்சமே அவ்வாறு பேச வைக்கிறது. ஆனால் அந்த ஒற்றை வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அந்த இளைஞரின் குடும்பத்துக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகளை நிலைநாட்டுவது மிகக் கடினமாகிவிடும். வேலையிடக் காயத்தின் மருத்துவச் செலவு யாருடைய பொறுப்பு, பல காப்பீடுகள் உள்ளவர் எதை எப்போது பயன்படுத்தவேண்டும், அதற்கான சான்றுகள் எவை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

நோய் வேறு, வேலையிடக் காயம் வேறு

மருத்துவத்தைப் பொறுத்தவரை இரண்டிற்கும் வேறுபாடில்லை. அதே தையல், அதே மருந்து, அதே அறுவைச் சிகிச்சை. பில்லைச் செலுத்தவேண்டியவர் யார் என்பதில்தான் வேறுபாடு. காய்ச்சலுக்கோ குடல்வால் அழற்சிக்கோ ஆகும் செலவை நோயாளியின் குடும்பமோ, அக்குடும்பம் எடுத்துள்ள காப்பீடோ ஏற்கும். வேலையால் நேர்ந்த காயத்தின் செலவோ வேலை தந்தவரையும், அவர் சந்தா செலுத்தும் காப்பீட்டையும் சாரும்.

இக்கொள்கை உலகெங்கும் பழமையானது. ஜெர்மனி 1884இலும், பிரிட்டன் 1897இலும், பிரான்ஸ் 1898இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் பிறந்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954க்குப் பின் இந்தியாவுடன் இணைந்ததால் அச்சட்டத்தின் பாதுகாப்பு நமக்கும் உரியதாயிற்று. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று அழைக்கும் திட்டத்துக்கான சட்டம், இயற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்துள்ளது. படிவங்களும் அலுவலர்களின் பதவிப்பெயர்களும் மாறலாம். கீழே சொல்லப்படும் உரிமைகளின் அடிப்படை மாறவில்லை.

முதற்கேள்வி: ஈ.எஸ்.ஐ. உண்டா?

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளும் நிறுவனங்களும் பொதுவாக ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகின்றன. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர் இதில் சேர்க்கப்படவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இவ்வரம்பு 25,000 ரூபாய். 2019 ஜூலை முதல் ஊதியத்தில் 3.25 சதவீதத்தை முதலாளியும் 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் செலுத்துகின்றனர். உங்கள் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருந்தால் நீங்கள் காப்பீடு பெற்றவர். பத்து இலக்கக் காப்பீட்டு எண் ஒன்று உங்களுக்கு இருக்கும்.

நோய்க்கால உதவித்தொகை பெறக் குறிப்பிட்ட நாட்கள் சந்தா செலுத்தியிருக்கவேண்டும். வேலையிடக் காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. சந்தா செலுத்த முதலாளி தவறியிருந்தாலும், தொழிலாளிக்குரியதைக் கழகம் வழங்கிவிட்டுப் பின்னர் அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, "உங்களை இன்னும் பதிவு செய்யவில்லை" என்று யாரேனும் சொன்னால் அத்துடன் மனம் தளர்ந்துவிடவேண்டாம்.

ஈ.எஸ்.ஐ. தருவது சிகிச்சையை மட்டுமன்று. வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிலையான ஊனம் ஏற்பட்டால் அதன் அளவுக்கேற்ப வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் தொகை வரும். தொழிலாளி உயிரிழந்தால் அவரைச் சார்ந்தோருக்கு மாத உதவி உண்டு. இத்தனையும் "வேலையிடக் காயம்" என்ற பதிவு இருந்தால்தான் கிடைக்கும். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று பதிவாகிவிட்டால், அதே மனிதருக்குச் சிகிச்சை கிடைக்கலாம். ஊனத்துக்கான வாழ்நாள் தொகை கிடைக்காது.

அவசர நேரத்தில் அருகிலுள்ள எந்த மருத்துவமனைக்கும் செல்லலாம். உயிர்காக்கும் முதற்சிகிச்சையைச் சட்டச் சடங்குகளுக்காகத் தாமதிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே கூறிவிட்டது. எனினும், உடல்நிலை நிலைபெற்றவுடன் உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ கிளை அலுவலகத்துக்கோ தகவல் தெரிவியுங்கள். பரிந்துரைக் கடிதமின்றி வெளி மருத்துவமனையில் தொடர்ந்து தங்கினால், அந்தப் பில் தானாகவே திரும்பக் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்க்கு

சிறு கடைகள், பட்டறைகள், கட்டுமானத் தளங்கள், டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடும் வயல்கள் ஆகியவற்றில் பணிபுரியும் பலருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. அவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டமே அரண். இங்கே பொறுப்பு நேரடியாக முதலாளியைச் சேரும். ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்கு வந்தவராயின், யாருக்காக அந்த வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியிடமும் கோரலாம்.

பலரும் அறியாத ஒன்று உண்டு. வேலையின்போது நேர்ந்த காயத்துக்குத் தொழிலாளி செய்த உண்மையான மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தரவேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அது இழப்பீட்டில் கழிக்கப்படுவதில்லை. மருத்துவமனைப் பில்லைக் கட்டிவிட்டு, "இழப்பீட்டைத்தான் கொடுத்துவிட்டோமே" என்று ஒருவர் சொன்னால், அது சட்டப்படி சரியான விடையாகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் விபத்தில் ஒரு கட்டைவிரலை முழுமையாக இழக்கிறார். சட்ட அட்டவணை கட்டைவிரல் இழப்பை 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பாகக் கொள்கிறது; சுட்டுவிரலாயின் 14 சதவீதம். அவருடைய மாத ஊதியம் 15,000 ரூபாய். 2020 ஜனவரி அறிவிப்பின்படி கணக்கில் கொள்ளப்படும் உச்ச வரம்பும் அதுவே. அதில் 60 சதவீதம் 9,000 ரூபாய். முப்பது வயதுக்குரிய காரணி 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820 ரூபாய். அதில் 30 சதவீதம் 5,61,546 ரூபாய். பில் தொகையை மட்டும் கட்டிவிட்டுக் கையில் பத்தாயிரம் ரூபாயைத் திணித்து அனுப்பிவைக்கப்படும் ஒருவர் எதை இழக்கிறார் என்பதை இக்கணக்கே சொல்லும்.

தற்காலிகமாக வேலைக்குச் செல்ல இயலாதவருக்கு மாத ஊதியத்தில் 25 சதவீதம் அரைமாதத்துக்கு ஒருமுறை வழங்கப்படவேண்டும். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைத் தராவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை தண்டத்தொகையும் விதிக்கப்படலாம். "எனக்கு இழப்பீடு வேண்டாம்" என்று எழுதி வாங்கப்பட்ட தாள் சட்டத்தின் முன் செல்லாது. அத்தகைய தாளில் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தாலும் உங்கள் உரிமை அழிந்துவிடவில்லை. ஈ.எஸ்.ஐ. உள்ளவர் மட்டும் அதே காயத்துக்கு முதலாளியிடம் இச்சட்டப்படி மீண்டும் கோர இயலாது, அவருக்குரியது ஈ.எஸ்.ஐ. வழியே வரும்.

சொந்தக் காப்பீடும் இருந்தால்?

எமது பில்லிங் கவுன்ட்டரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. "எங்கள் குடும்பத்துக்கு மெடிக்ளெய்ம் இருக்கிறது, அதிலேயே கேஷ்லெஸ் போட்டுவிடலாமே?"

போடலாம்; ஆனால் அதற்குமுன் ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். குடும்பக் காப்பீட்டின் தொகை ஆண்டுக்கு மூன்று இலட்சம் என்று கொள்வோம். முதலாளி ஏற்கவேண்டிய இரண்டு இலட்சம் ரூபாய்ப் பில்லை அதில் கழித்துவிட்டால், அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களுக்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் இலட்சமே மிஞ்சும். அடுத்த மாதம் மனைவிக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அந்தப் பற்றாக்குறை அப்போதுதான் தெரியும். எனவே முதலில் ஈ.எஸ்.ஐ. அல்லது முதலாளியின் பொறுப்பு. அங்கே தாமதமானாலோ மறுக்கப்பட்டாலோ சொந்தக் காப்பீடு என்னும் வரிசையே குடும்பத்துக்கு நலம். எந்தக் கிளெய்ம் படிவத்திலும் விபத்து நேர்ந்த விதத்தை மாற்றி எழுதாதீர்கள். உண்மைக்கு மாறான விவரம் கொடுக்கப்பட்டிருப்பின், அதையே காரணமாக்கிக் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுக்கக்கூடும்.

முதலாளி தம் பொறுப்புக்காகத் தனியார் நிறுவனத்தில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்கலாம். அத்தகைய பாலிசிகளில் மருத்துவச் செலவு பெரும்பாலும் கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்க்கப்படும் பகுதி. அதற்கு உச்ச வரம்பும் இருக்கும். பாலிசியின் வரம்பு தீர்ந்துவிட்டது என்பதால் முதலாளியின் சட்டப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

நினைவில் கொள்ளவேண்டிய விதி எளியது: ஒரு பில்லுக்கு ஒருமுறைதான் பணம். செலவை ஈடுசெய்யும் காப்பீடுகள் எத்தனை இருப்பினும், செலவான தொகைக்கு மேல் பெற இயலாது. ஒருவர் ஒரு பகுதியைக் கொடுத்தால், எஞ்சிய பகுதியை மற்றொருவரிடம் கோரலாம். அதற்கு முதலாமவர் தரும் தீர்வுக் கடிதமும் பில்களின் சான்றொப்பமிட்ட நகல்களும் வேண்டும்.

நிலையான தொகை தரும் காப்பீடுகளுக்கு இவ்விதி பொருந்தாது. தனிநபர் விபத்துக் காப்பீடு அத்தகையது. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், விபத்தில் உயிரிழப்போ முழு ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சமும், நிலையான பகுதி ஊனத்துக்கு 1 இலட்சமும் கிடைக்கும். மீனவர்களுக்கான மத்திய அரசின் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 இலட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 இலட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. கடலுக்குச் செல்லும் குடும்பங்கள் தங்கள் பெயர் இதில் பதிவாகியுள்ளதா என்பதை மீன்வளத் துறையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வழியில் அடிபட்டால்

வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்பு இருப்பது தெரியவந்தால், வேலையிடக் காயமாகவே கொள்ளப்படும். ஆகவே சாலை விபத்தில் வருவோரிடம், "வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா?" என்றும் நாங்கள் கேட்கிறோம். சாலை விபத்தில் சிக்கியோருக்கு ஏழு நாட்கள் வரை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குள் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதுபற்றியும் கவுன்ட்டரில் விசாரியுங்கள். பிற வாகனத்தால் நேர்ந்த விபத்தாயின், மோட்டார் வாகனச் சட்டப்படி இழப்பீடு கோருவதா, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி கோருவதா என்பதை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். இரண்டின்கீழும் கோர முடியாது. எது நலம் தரும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

இரு எல்லைகளுக்கிடையே வாழ்வோர்

காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு. நாகூரில் வீடு, காரைக்காலில் வேலை என்போர் பலர். காரைக்காலில் வீடு, தரங்கம்பாடிப் பக்கம் வேலை என்போரும் உளர். மாநில அரசுகளின் மருத்துவக் காப்பீட்டு அட்டைகள் குடியிருப்பைப் பொறுத்தவை. ஈ.எஸ்.ஐ.யோ நாடு முழுவதற்குமானது. எல்லை அதைத் தடுப்பதில்லை. இழப்பீட்டுக் கோரிக்கையையும் விபத்து நடந்த பகுதியிலோ, தொழிலாளியோ அவரைச் சார்ந்தோரோ வாழும் பகுதியிலோ, முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள பகுதியிலோ தாக்கல் செய்யலாம். கணவரை இழந்த ஒரு பெண் எல்லை கடந்து அலையவேண்டியதில்லை. கோரிக்கையை விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிடவேண்டும்.

எமது பதிவும் உங்கள் சான்றும்

நாங்கள் மருத்துவர்கள், யார் பணம் தரவேண்டும் என்று தீர்ப்பளிப்பது எங்கள் பணியன்று. நீங்கள் சொல்வதையும் நாங்கள் காண்பதையும் எழுதுவதே எங்கள் பணி. முதல் நாள் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படுவதை, பின்னர் யார் கேட்டுக்கொண்டாலும், நாங்கள் மாற்றி எழுத இயலாது. அது உங்களுக்கு எதிரான விதியாகத் தோன்றலாம். உண்மையைச் சொன்னவருக்கு அதுவே பாதுகாப்பு. உங்கள் வாக்கை வேறொருவர் பின்னாளில் வந்து மாற்றிவிடவும் முடியாது.

எனவே, வரும்போது நான்கு விவரங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது அடிபட்டது. பேசும் நிலையில் நோயாளி இருந்தால் அவரே சொல்லட்டும். உடன் வந்தவர் சொன்னது தவறாயின், சிகிச்சை தொடங்கியபின் தனியே இருக்கும்போதாவது மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லிவிடுங்கள். அவ்வாறு பின்னர் சொன்னதை, சொன்ன நாளையும் நேரத்தையும் குறித்துத் தனிப் பதிவாகச் சேர்ப்போம்.

வீடு திரும்பும்போது பின்வருவன உங்கள் கையில் இருக்கவேண்டும்:

• விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி
• டிஸ்சார்ஜ் சம்மரி
• ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் பில்லும் பணம் கட்டிய ரசீதுகளும்
• எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களும் அறிக்கைகளும்
• வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கான மருத்துவச் சான்றிதழ்
• முதலாளி தந்த விபத்து அறிக்கையின் நகல், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை

மூலப் பில்களை ஓரிடத்தில் கொடுக்குமுன் இரண்டு நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். முதலாளிக்கு வாயால் மட்டும் தெரிவிக்காமல் எழுத்திலும் தெரிவியுங்கள். ஊனச் சதவீதத்தைக் காயம் ஆறிக் கையின் இயக்கம் நிலைபெற்றபின்னரே மதிப்பிட முடியும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை தாள்களைப் பாதுகாப்பதும், மறுபரிசோதனைக்குத் தவறாமல் வருவதும் உங்கள் பொறுப்பு.

வேலை போய்விடுமோ?

இவ்வச்சத்தை நாங்கள் இலேசாகக் கருதவில்லை. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு நாளைய வேலையே நாளைய சோறு. ஆயினும் சட்டம் இங்கும் துணைநிற்கிறது. தற்காலிக ஊனத்துக்கான ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வகுக்கப்பட்ட விதி. மேலும், உண்மையைச் சொல்வதால் முதலாளிக்குக் கேடு என்று எண்ணவேண்டியதில்லை. ஈ.எஸ்.ஐ. சந்தா செலுத்தியவருக்குக் கழகம் இருக்கிறது. பாலிசி எடுத்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. உண்மையான பதிவின்றி அவையும் அவருக்கு உதவ முன்வாரா. நல்ல முதலாளிகள் பலர் தாமே உடன் வந்து, தம் இடத்தில்தான் அடிபட்டது என்று எழுதித் தருவதையும் நாங்கள் காண்கிறோம்.

நசுங்கிய விரலை எங்களால் இயன்றவரை சீராக்குவோம். அவ்விரல் முன்போல் வேலை செய்யாத நாட்களில் அடுப்பெரியவேண்டுமானால், அதற்கான வழியை முதல் நாளில் நீங்கள் சொல்லும் உண்மை திறந்துவைக்கிறது. ஐயம் இருப்பின் பில்லிங் கவுன்ட்டரிலோ காப்பீட்டு உதவி மேசையிலோ கேளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தையும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தையும் அணுகத் தயங்காதீர்கள். உங்கள் காப்பீட்டு எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ளோர் அறிந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.